நான்கு பயிற்றுவிப்பாளர்கள், ஒரே அணி: ஹட்டன் பக்கத்துக் கழகம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கும் நோர்வூட்டுக்கும் இடைப்பட்ட ஒரு தேயிலைத் தோட்டத்தின் உதைபந்தாட்டக் கழகத்தைப் பற்றியது இந்த ஆய்வு. கழகத்தின் பெயரையும் ஆட்களின் பெயரையும் எழுதவில்லை. இதில் வருகிறவர்கள் எல்லோரும் அக்கம்பக்க லயங்களில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) தினமும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கிறவர்கள். மூன்று பருவங்களுக்குள் இந்த அணிக்கு நான்கு பயிற்றுவிப்பாளர்கள். எந்தப் போட்டியில் தோற்றோம், யாரால் தோற்றோம் என்று தோட்டமே பேசியது. பையன்களுக்கு என்ன நடந்தது என்பதை மட்டும் யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை. அணிப் பட்டியல் எழுதும் பொறுப்பு என்னிடம் இருந்ததால், யார் எந்த இடத்தில் ஆடினார், யார் வெளியே இருந்தார் என்பதெல்லாம் என் கொப்பியில் இருக்கிறது. அதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

பயிற்றுவிப்பாளர் மாறினால் அணி தோற்கும் என்று நான் சொல்ல வரவில்லை. சில நேரம் வெல்லவும் செய்யும். ஆனால் அடிக்கடி மாறும்போது வீரன் கற்றுக்கொள்வது பாதியில் நின்றுவிடுகிறது. அந்த நட்டம் புள்ளிப் பட்டியலில் தெரியாது, பையனின் ஆட்டத்தில்தான் தெரியும்.

எப்படி வந்தார்கள், ஏன் போனார்கள்

முதலாமவர் நம் தோட்டத்துக்காரர், ஒரு காலத்தில் இதே அணியின் நடுக்கள வீரர். தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) வேலை. பையன்களைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். யார் வீட்டில் அம்மா வெளிநாட்டில், யார் சாப்பிடாமல் பயிற்சிக்கு வருகிறான் என்பதுவரை தெரியும். மத்திய கிழக்கில் வேலை கிடைத்ததும் போய்விட்டார். தோட்டத்துச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிற எவரும் அவரைக் குறை சொல்ல மாட்டார்கள்.

இரண்டாமவர் பாடசாலை விளையாட்டு ஆசிரியர். ஒழுங்கானவர், சொன்ன நேரத்துக்கு வருவார். அவருக்கு இடமாற்றம் வந்தது. மூன்றாமவர் கொழும்பில் கழக மட்டத்தில் ஆடியவர், ஆசிய உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் டி தரச் சான்றிதழ் வைத்திருந்தவர். பஸ் காசும் சாப்பாடும் கொடுத்து அழைத்து வந்தோம். நிர்வாகக் குழு தானாக நீக்கியது இவர் ஒருவரைத்தான். ஒரு நொக் அவுட் சுற்றுப்போட்டியில் முதல் ஆட்டத்திலேயே வெளியேறிய கையோடு, மைதானத்து ஓரத்திலேயே முடிவு எடுத்துவிட்டார்கள். நான்காமவர் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர். இப்போதும் இருக்கிறார்.

ஐரோப்பாவில் பயிற்றுவிப்பாளரைக் கழக முதலாளி நீக்குகிறார். மலையகத்தில் பெரும்பாலும் பிழைப்புத்தான் கூட்டிக்கொண்டு போகிறது. காரணம் எதுவானாலும் அடுத்த திங்கட்கிழமை பயிற்சிக்கு வருகிற பையனுக்கு எல்லாம் ஒன்றுதான்: முன்னால் ஒரு புது ஆள் விசிலோடு நிற்கிறார், அவருக்குத் தன்னைத் தெரியாது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நம் பக்கத்தில் பயிற்சி நேரமே கொஞ்சம். வேலை விட்டு, பாடசாலை விட்டு நாலரைக்குக் கூடினால் ஆறேகாலுக்கு இருட்டிவிடும். மே மாதம் தொடங்கும் தென்மேல் பருவமழை செப்டெம்பர்வரை ஹட்டன் பக்கத்தை விடாது. மைதானம் தோட்டத்துக்குச் சொந்தம், தோட்டத்து முகாமையாளரான துரை மாறினால் அனுமதியைப் புதிதாக வாங்கவேண்டும். இப்படி ஒரு பருவத்தில் கையில் கிடைக்கும் நல்ல பயிற்சி நாட்கள் சொற்பம். ஒவ்வொரு புதுப் பயிற்றுவிப்பாளருக்கும் பையன்களின் பெயரைத் தெரிந்துகொள்ளவே அதில் நல்ல பங்கு போய்விடுகிறது.

இடது விங் பையன்

இந்த நால்வரின் கீழும் ஆடியவர்களில் ஒருவனை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முதலாமவர் காலத்தில் அவனுக்குப் பதினாறு, பதினேழு வயது. இடது விங்கில், அதாவது முன்களத்தின் இடது ஓரத்தில் ஆடுகிறவன். இடது காலன், நல்ல வேகம், சின்ன உடம்பு. முதலாமவர் அவனுக்குச் சொன்னது ஒன்றே ஒன்று: “கோட்டை ஒட்டியே ஓடு, உள்ளே வராதே.” அவனும் ஓடினான். அந்தப் பருவத்தில் நாம் போட்ட கோல்களில் பாதிக்கு மேல் அவன் பக்கத்திலிருந்து வந்த பந்துகள்.

ஆசிரியர் வந்தார். அணிக்கு இடது பின்களத்தில் ஆள் இல்லை. “இடது கால் உள்ளவன் நீ ஒருத்தன்தான்” என்று அவனைப் பின்னால் இறக்கினார். முதலில் அழாத குறை. பிறகு பழகினான். எதிராளி ஓடிவரும்போது உடம்பை எப்படிச் சாய்த்து நிற்பது, எப்போது காலை நீட்டாமல் பொறுப்பது என்பதெல்லாம் மெல்ல வந்துகொண்டிருந்தது. பருவத்தின் கடைசி ஆட்டங்களில் பார்த்தபோது இவன் நல்ல பின்கள வீரனாக வருவான் என்று எனக்கே தோன்றியது. அப்போதுதான் ஆசிரியருக்கு இடமாற்றம்.

கொழும்பிலிருந்து வந்தவர் அவனை வலது பக்கம் மாற்றினார். உள்ளே வெட்டி வந்து இடது காலால் அடிக்கவேண்டும். நவீன ஆட்டத்தில் எல்லோரும் செய்கிற காரியம்தான், யோசனையில் பிழை இல்லை. ஆனால் ‘உள்ளே வராதே’ என்று முதலில் கற்றவன், பின்னர் ‘முன்னால் போகாதே’ என்று கற்றவன், இப்போது ‘உள்ளே வா’ என்பதைக் கற்கவேண்டும். தேயிலைக் கன்று வளர்க்கும் தவரணையில் வேர் பிடிக்குமுன் பிடுங்கிப் பிடுங்கி நட்ட கன்று போல ஆகிவிட்டான். நான்காமவருக்கு உயரமான, பலமான ஆட்கள் வேண்டும். சரிவான மைதானத்தில் நெடும்பந்துதான் வேலை செய்யும் என்பது அவர் கணக்கு. சின்ன உடம்புக்காரன் வெளியே உட்கார்ந்தான்.

அவன் ஆட்டத்தில் வந்த மாற்றத்தைக் கோட்டுக்கு வெளியே நின்ற எவரும் பார்த்திருக்கலாம். முதல் பருவத்தில் பந்து வரும்போது அவன் கண் முன்னால் இருக்கும் வெற்றிடத்தைத் தேடும். மூன்றாவது பருவத்தில் பந்து வந்ததும் முதலில் வெளியே, பயிற்றுவிப்பாளர் நிற்கும் பக்கம் திரும்பும். செய்யலாமா, கூடாதா என்று கேட்கிற பார்வை. அந்த அரை நொடியில் எதிரணிக்காரன் வந்து பந்தைத் தட்டிவிட்டுப் போய்விடுவான். அப்புறம் வெளியே நிற்பவர்கள் “வேகம் போச்சு” என்பார்கள். கால் வேகம் அப்படியேதான் இருந்தது. முடிவெடுக்கிற துணிச்சல்தான் போயிருந்தது.

ஒருநாள் பயிற்சி முடிந்து லயத்துப் பக்கம் நடக்கும்போது என்னிடம் சொன்னான்: “ஒவ்வொரு சேரும் முதல்ல இருந்து ஆரம்பிக்கச் சொல்றாங்கண்ணே. நான் எதைத்தான் முடிக்கிறது?” தீபாவளி கழிந்து சித்தப்பா மகனோடு கொழும்புக்குப் போனான். புறக்கோட்டையில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை. பொங்கலுக்கு வந்தபோது மைதானத்துக்கு வந்து நின்று பார்த்தான், இறங்கி ஆடவில்லை.

கோல் காப்பாளரிடம் தங்கிய பழி

இது சிறிய விஷயமாகத் தெரியும், ஆனால் எனக்கு அதிகம் வலித்தது இதுதான். மூன்றாமவர் கோல் காப்பாளரிடம், பந்தை நீளமாக அடிக்காமல் பக்கத்தில் இருக்கும் பின்கள வீரனுக்குத் தரையோடு கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கச் சொன்னார். கல்லும் மேடு பள்ளமுமான மைதானத்தில் அது ஆபத்து. அவருக்கும் அது தெரியும். “சரியாக வர மாதக்கணக்கில் ஆகும், நடுவில் கோல் வாங்குவோம், பயப்படாதே” என்று பையனிடம் சொல்லித்தான் தொடங்கினார்.

சொன்னபடியே நொக் அவுட் ஆட்டத்தில் அப்படி ஒரு பந்து துள்ளி எதிராளியின் காலில் விழுந்தது, கோல். தோற்றோம். பயிற்றுவிப்பாளரை நீக்கினோம். அவர் பஸ் ஏறிப் போய்விட்டார். “பயப்படாதே” என்று சொன்ன ஆளும் அதோடு போனார். பிழை செய்தவன் என்ற பெயரோடு பையன் மட்டும் இங்கேயே இருந்தான். திட்டம் யாருடையது என்பதை இரண்டு வாரத்தில் எல்லோரும் மறந்துவிட்டார்கள், கோல் யார் கையில் போனது என்பதை ஒருவரும் மறக்கவில்லை. இன்றும் பின்கள வீரன் பந்தைத் திருப்பிக் கொடுத்தால் அவன் பார்க்காமலே தேயிலை மலைப் பக்கம் ஓங்கி அடித்துவிடுகிறான்.

புதிய முறையைப் பழகும் வீரனுக்குப் பிழை விட அனுமதி கொடுப்பவர் பயிற்றுவிப்பாளர். அவர் போனதும் அந்த அனுமதியும் போய்விடுகிறது. அடுத்த முறை இன்னொருவர் வந்து புதிதாக ஏதாவது சொல்லும்போது பையன் தலையாட்டுவான், மைதானத்தில் செய்யமாட்டான். அதைத் திமிர் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒருமுறை நம்பிக் கெட்டவன் வேறு என்ன செய்வான்?

செல்சியில் பார்த்தது

நம் பையன்களில் பலர் இங்கிலாந்தின் செல்சி கழகத்து ரசிகர்கள். குளிர்காலத்தில் இங்கிலாந்தில் சனிக்கிழமை மூன்று மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு இரவு எட்டரை. ஒரு போனைச் சுற்றிப் பத்துத் தலை. ஆகவே இந்த விஷயத்தைப் பேச செல்சியின் 2022-23 பருவத்தை எடுத்தால் எல்லோருக்கும் புரிகிறது.

2021 மே மாதம் சம்பியன்ஸ் லீக் வென்று கொடுத்த தோமஸ் டுக்கலை, புதிய உரிமையாளர்கள் 2022 செப்டெம்பர் 7ஆம் திகதி நீக்கினார்கள். கிரஹம் பொட்டர் வந்தார். 2023 ஏப்ரல் 2ஆம் திகதி அவரும் போனார். ஒரே ஓர் ஆட்டத்துக்கு புரூனோ சால்டோர், மீதிக்கு பிராங்க் லம்பார்ட். லம்பார்டின் அந்த 11 ஆட்டங்களில் ஒன்றில்தான் வெற்றி. முடிவில் லீக்கில் 12ஆம் இடம், 38 ஆட்டங்களில் 38 கோல், 44 புள்ளி. கோடி கோடியாகக் கொட்டி ஆள் வாங்கிய அணி இது.

அந்தப் பருவத்தில் நான் கவனிக்கச் சொல்வது பியர் எமெரிக் ஒபமயாங்கை. டோர்ட்மண்டில் தன் கீழ் ஆடியவர் என்பதால் டுக்கலுக்கு அவர் வேண்டும், பார்சிலோனாவிலிருந்து வாங்கினார்கள். அவர் செல்சிக்காக ஆடிய முதல் ஆட்டமே டுக்கலின் கடைசி ஆட்டம். சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அழைத்தவர் வெளியே. பெப்ரவரியில் புது ஆட்களுக்கு இடம் கொடுப்பதற்காக பொட்டர் அவரைச் சம்பியன்ஸ் லீக் பட்டியலிலிருந்தே எடுத்தார். பருவம் முழுக்க லீக்கில் ஒரே ஒரு கோல். ஆள் முடிந்துவிட்டார் என்றார்கள். அடுத்த பருவம் மார்செய் கழகத்துக்குப் போய் பிரெஞ்சு லீக்கில் 17 கோல் போட்டார்.

மறுபக்கமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 2020-21 பருவத் தொடக்கத்தில், லம்பார்ட் முதல்முறை செல்சியின் பயிற்றுவிப்பாளராக இருந்தபோது, அணியில் இடமில்லாமல் வெளியே இருந்தவர் அன்டோனியோ ருடிகர். ஜனவரியில் டுக்கல் வந்ததும் உள்ளே வந்தார், மே மாதம் போர்ட்டோவில் நடந்த இறுதியாட்டத்தில் பின்களத்தைக் காத்து நின்றார். விக்டர் மோசஸின் கதை இரண்டு பக்கமும் வெட்டுகிறது. லிவர்பூல், ஸ்டோக், வெஸ்ட் ஹாம் என்று வருடத்துக்கொரு கழகத்துக்கு இரவலாக அனுப்பப்பட்டவரை, 2016இல் அன்டோனியோ கொன்டே மூன்று பின்கள வீரர் முறையில் வலது ஓரத்துக்குப் போட்டார். செல்சி தொடர்ந்து 13 லீக் ஆட்டங்களை வென்று அந்தப் பருவத்தின் சம்பியன் ஆனது. 2018இல் கொன்டே போய் மவுரிசியோ சாரி வந்தார். அவருடைய முறையில் அப்படி ஓர் இடமே இல்லை. 2019 ஜனவரியில் மோசஸ் துருக்கிக்கு இரவல். அவர் திறமையில் எந்தக் குறையும் வரவில்லை, அவருக்கென்று இருந்த இடத்தைத்தான் எடுத்துவிட்டார்கள்.

வோட்போர்ட் கழகத்தையும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும், ஏனென்றால் நம் நிர்வாகக் குழுவில் அதை நல்ல உதாரணமாகக் காட்டியவர்கள் உண்டு. 2014-15 பருவத்தில் நான்கு தலைமைப் பயிற்றுவிப்பாளர்களின் கீழ் ஆடி இங்கிலாந்தின் முதல்தர லீக்கான பிரீமியர் லீக்குக்கு உயர்ந்தது உண்மைதான். அதே கழகம் 2019-20 பருவத்தில் என்ன செய்தது? நான்கு லீக் ஆட்டங்களோடு ஹாவி கிராசியாவை நீக்கியது. அவர் சில மாதங்களுக்கு முன்புதான் அணியை எப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்துக்குக் கொண்டுபோயிருந்தார். அடுத்து வந்த கீகே சான்செஸ் புளோரஸ் டிசம்பரில் போனார். அதன்பின் நைஜல் பியர்சன், 2020 பெப்ரவரியில் லிவர்பூலை மூன்றுக்குப் பூச்சியம் என்று தோற்கடித்தவர், இரண்டு ஆட்டங்கள் மீதி இருக்கும்போது நீக்கப்பட்டார். கழகம் இரண்டாம்தர லீக்குக்கு இறங்கியது.

ஆளை மாற்றினால் முடிவு மாறும் என்ற நம்பிக்கையை ஆராய்ந்தவர்களும் இருக்கிறார்கள். பாஸ் டெர் வீல் என்ற நெதர்லாந்துப் பொருளியலாளர், அந்நாட்டு முதல்தர லீக்கின் 1986 முதல் 2004 வரையான ஆட்டங்களை எடுத்துப் பார்த்தார். நீக்கிய அணிகள் பிறகு நிமிர்ந்தன. அதேபோல் சரிந்தும் பயிற்றுவிப்பாளரை வைத்துக்கொண்ட அணிகளும் ஏறக்குறைய அதே அளவு நிமிர்ந்தன. மிக மோசமான நேரத்தில்தான் நீக்குகிறோம், அதற்குப் பிறகு எப்படியும் கொஞ்சம் மேலேதான் வரும். நம் கழகத்திலும் நான்காமவர் வந்தவுடன் இரண்டு ஆட்டங்களை வென்றோம். நீக்கியது சரி என்பதற்கு அதையே சாட்சியாக இன்றும் சொல்கிறார்கள்.

யாருக்கு அடி விழுகிறது

என் கொப்பியைப் புரட்டினால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. நான்கு பேர் மாறியும் ஐந்து பெயர்கள் மாறவில்லை. நன்றாக ஆடுகிறவனை எவரும் வெளியே வைக்கமாட்டார். கடைசியில் இருப்பவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, அவர்கள் எல்லோர் காலத்திலும் தண்ணீர்ப் போத்தல் தூக்கினார்கள். அடி விழுந்தது நடுவில் இருப்பவர்களுக்கு. உள்ளே வந்தாலும் வரலாம், போனாலும் போகலாம் என்ற நிலையில் உள்ள பத்துப் பன்னிரண்டு பேருக்கு. அணியின் எதிர்காலம் இருப்பதும் இவர்களிடம்தான், ஒரு மனிதரின் பொறுமை தேவைப்படுவதும் இவர்களுக்குத்தான்.

இலாபமடைந்தவனும் ஒருவன் இருக்கிறான். முதல் மூவரும் கண்டுகொள்ளாத ஓர் உயரமான பையன் நான்காமவரின் கீழ் நடுப் பின்களத்தில் நன்றாக ஆடுகிறான். அது உண்மையான நன்மை. ஆனாலும் அவனுக்கும் பயம் இருக்கிறது. “இந்த சேர் இருக்கும்வரைக்கும்தான் நான்” என்று அவன் வாயாலேயே கேட்டேன்.

தேசிய மட்டத்திலும் நிலைமை வேறல்ல. 2020க்குப் பின் அமீர் அலாஜிக், அன்டி மொரிசன், அப்துல்லா அல்முதைரி என்று வெவ்வேறு நாட்டவர்களின் கீழ் இலங்கை அணி ஆடியிருக்கிறது. நடுவில் நிர்வாகச் சிக்கலால் 2023 ஜனவரியிலிருந்து ஓகஸ்ட்வரை பிபாவின் தடை வேறு. அந்த மாதங்களில் நல்ல வயதில் இருந்த வீரனுக்கு அவற்றை யாரும் திருப்பிக் கொடுக்கப்போவதில்லை.

செல்சியில் வெளியே உட்காருகிறவருக்கு ஒப்பந்தம் இருக்கிறது, சம்பளம் வருகிறது, முகவர் இருக்கிறார், இன்னொரு நாட்டில் இன்னொரு கழகம் இருக்கிறது. நம் பையன் வெளியே உட்கார்ந்தால் அவனுக்கு இருப்பது கொழும்பு பஸ். ஒரு பருவம் விட்டால் ஆள் வேலையில் நிலைத்துவிடுவான். பயிற்றுவிப்பாளரை மாற்றுவது பற்றி நாம் அவர்களைவிடப் பல மடங்கு யோசிக்கவேண்டியது இதனால்தான்.

கழகம் இப்போது செய்வது

பயிற்றுவிப்பாளர் வெளிநாடு போவதையோ இடமாற்றம் வருவதையோ கழகத்தால் தடுக்க முடியாது. எனவே அவர் போனாலும் போகாமல் இருக்கவேண்டியவை எவை என்று நிர்வாகக் குழுவில் பேசினோம். முதலில் எடுத்தது வீரர் கொப்பி. ஒவ்வொரு பையனுக்கும் ஒரு பக்கம்: எந்த இடத்தில் ஆடினான், எதைப் பாதி பழகியிருக்கிறான், என்ன காயம், வீட்டு நிலைமையில் பயிற்றுவிப்பாளர் தெரிந்திருக்கவேண்டியது ஏதாவது உண்டா. புதியவர் வந்த முதல் நாள் அது அவர் கையில் போகும். கோல் காப்பாளரின் பக்கத்தில், அன்றைய கோல் பயிற்றுவிப்பாளரின் அறிவுறுத்தலால் வந்தது என்று தெளிவாக எழுதியிருக்கிறோம். அந்த வரியை அவனுக்கு வாசித்தும் காட்டினோம்.

அடுத்தது, உதவிப் பயிற்றுவிப்பாளராகத் தோட்டத்துக்காரர் ஒருவரை நிரந்தரமாக வைப்பது. பழைய கோல் காப்பாளர் ஒருவர் முன்வந்தார். தலைமை மாறினாலும் பையன்களுக்குத் தெரிந்த ஒரு குரல் மைதானத்தில் இருக்கும். சுற்றுப்போட்டி நடக்கும்போது யாரையும் நீக்குவதில்லை, தோற்ற அன்று கூட்டம் போடுவதில்லை என்றும் தீர்மானித்தோம். என்னைக் கேட்டால் இவற்றில் கடைப்பிடிக்கக் கடினமானது இந்தக் கடைசித் தீர்மானம்தான். தோற்ற அன்று மனுசனுக்குப் பேசாமல் இருக்க முடியாது.

இன்னொரு யோசனையில் சண்டையே வந்தது. புதியவர் முதல் மாதத்தில் எல்லாப் பையன்களையும் அவரவர் பழகிய இடத்தில் ஒரு முறையாவது ஆடவிட்டுப் பார்க்கவேண்டும் என்றேன். “அப்படியென்றால் சேருக்கு என்ன சுதந்திரம்?” என்று தலைவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அவருக்கு எல்லாச் சுதந்திரமும் உண்டு, பார்த்த பிறகு என்றேன். பார்க்காமலே ஒருவனை மாற்றுவதும் வெளியே வைப்பதும் அவனுடைய பருவத்தை எடுத்து விளையாடுவது. இழுபறிக்குப் பிறகு இரண்டு பயிற்சி ஆட்டங்கள் என்று முடிவானது.

கொழும்புக்குப் போன பையனுக்கும் கொப்பியில் ஒரு பக்கம் உண்டு. ‘இடது விங், கோட்டை ஒட்டி’ என்று முதலாமவர் வெளிநாட்டிலிருந்து வட்ஸ்அப்பில் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறோம். சித்திரை விடுமுறை ஆட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கிறோம், கடையில் லீவு கிடைத்தால் வருவான்.

நான்காமவர் அடுத்த பருவமும் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவர் கேட்டது ஒன்றுதான்: மழை மாதங்களில் பயிற்சி நிற்காமல் இருக்கப் பாடசாலை மண்டபத்தை வாரத்தில் இரண்டு மாலை வாங்கித் தரவேண்டும். கடிதம் அதிபரிடம் போயிருக்கிறது.